மினர்வா மில்ஸ்: வழக்கும் ஆலையும்

அரசமைப்புச் சட்டம் பற்றிய விவாதம் எங்கே எழுந்தாலும் இரண்டு பெயர்கள் தவறாமல் ஒலிக்கின்றன. ஒன்று கேசவானந்த பாரதி, மற்றொன்று மினர்வா மில்ஸ். நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பெரும்பான்மை பலத்தைக் கொண்டு சிதைக்க முடியாது என்ற கோட்பாட்டை 1973-இல் முதல் வழக்கு நிறுவியது. 1980-இல் இரண்டாவது வழக்கு அதை உறுதி செய்தது. கேசவானந்த பாரதி காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவராக இருந்தவர் என்பதைப் பலர் அறிவர். மினர்வா மில்ஸ் பெங்களூருவில் ஒரு பஞ்சாலை என்பதும், அங்கே மனிதர்கள் நூல் நூற்றுத் துணி நெய்து குடும்பம் நடத்தினார்கள் என்பதும் சட்டம் படித்தவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் நினைவில் எழுவதில்லை.

அந்த வளாகத்துக்கு இன்று பெங்களூருவில் வேறொரு புகழ் உண்டு. திரைப்படக்காரர்கள் அரங்கம் அமைக்கும் இடம் அது. சண்டைக் காட்சிக்கும் கொள்ளையர் கூடாரத்துக்கும் ஏற்ற பாழடைந்த கட்டடம் வேண்டுமென்றால், நகரின் நடுவிலேயே, இரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அது கிடைக்கிறது. (நகரின் தென்பகுதியிலுள்ள மினர்வா சர்க்கிளுக்கும் இந்த ஆலைக்கும் தொடர்பில்லை. அந்தப் பெயர் ஒரு திரையரங்கிலிருந்து வந்தது. ஆலையின் பெயரோ உரோமானியரின் நெசவுத் தெய்வத்துடையது. பெயரிட்டவர்கள் அறிந்தே இட்டிருக்க வேண்டும்.)

பெங்களூருவைத் தகவல் தொழில்நுட்ப நகரம் என்றே இன்றைய தலைமுறை அறியும். அதற்கு முன் அது பொதுத்துறை நகரமாக இருந்தது. அதற்கும் முன் அது பஞ்சாலை நகரம். மெஜஸ்டிக் பகுதிக்கு மேற்கே காட்டன்பேட்டை, பின்னிப்பேட்டை, மாகடி சாலை என விரியும் பகுதியில் ஆலைச் சங்கின் ஒலிக்கேற்பவே பொழுது விடிந்து அடைந்தது. 1884-இல் தொடங்கப்பட்ட பெங்களூரு கம்பளி, பருத்தி, பட்டு ஆலையை 1886-இல் பின்னி நிறுவனம் கைக்கொண்டது. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை நடத்திய அதே பின்னிதான். 1918 ஏப்ரல் 27-இல் வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் ஆகியோர் முன்னின்று அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம் எதிர்த்து நின்ற அதே முதலாளி. மல்லேசுவரத்தின் பக்கம் ராஜா மில். இந்த வரிசையில் ஒன்றாகவே மினர்வாவும் இருந்தது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் ஒரே தறிக்கூடத்தில் தோளோடு தோள் நின்றனர். மொழிக்கலவரங்கள் பெங்களூருவை உலுக்கிய பிற்காலத்தில், அத்தகைய கூடங்கள் ஒவ்வொன்றாக இல்லாமற்போனதன் பொருளை யாரும் ஆராயவில்லை.

பின்னி ஆலை நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. ராஜா மில் நின்ற இடத்தில் மந்திரி வணிக வளாகம் உள்ளது.

கைவிடப்பட்ட ஆலைகளைச் சுற்றிப் பார்ப்பதும் படமெடுப்பதும் உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காகி வருகிறது. துருப்பிடித்த தூண், உடைந்த கண்ணாடி வழியே சாய்ந்து விழும் ஒளி, தரையைப் பிளந்து எழும் அரசமரம். இவற்றில் அழகு இல்லை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஒளி அப்படி விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய பஞ்சாலைகளின் கூரை இரம்பப் பற்களைப் போல வரிசையாக எழுந்து சரியும். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான முகத்திலும் கண்ணாடி பதித்து, அதை வடக்கு நோக்கி வைப்பார்கள். நேர் வெயில் உள்ளே வரக்கூடாது. அதே சமயம் இருபது எண் நூலாயினும் அறுபது எண் நூலாயினும் அறுந்த இழை தொழிலாளியின் கண்ணுக்குத் தப்பக்கூடாது. காற்று வறண்டால் இழை அறும். ஆகவே சன்னல்களை அடைத்து, நீர்த்துளியைக் காற்றில் கலந்து, கூடத்தை எந்நேரமும் புழுக்கமாகவே வைத்திருப்பார்கள். கட்டடத்தின் ஒவ்வோர் அங்கமும் நூலின் நலத்தை எண்ணிக் கட்டப்பட்டது. புளோரூமிலும் கார்டிங்கிலும் பறந்த பஞ்சுத் தூசு தொழிலாளியின் நுரையீரலில் படிந்தது. ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தவர் ஒரு ஷிப்டில் எத்தனை மைல் நடந்தார் என்பதைக் கணக்கிட எவரும் முனைந்ததில்லை. எத்தனை இழை அறுந்தது என்பதற்கு மட்டும் கணக்கு இருந்தது. படமெடுக்க வருவோரின் கருவியில் இவை பதிவாவதில்லை என்பது அவர்கள் குற்றமன்று. அதைச் சொல்லும் பலகை ஒன்றுகூட அத்தகைய இடங்களில் கிடையாது.

மினர்வா எப்படி மக்கள் சொத்தாயிற்று என்பதே இங்கு முதலில் நினைவுகூரத்தக்கது. அறுபதுகளில் நாடெங்கும் பஞ்சாலைகள் நெருக்கடியில் சிக்கின. பஞ்சு விலை ஏறியதும் சந்தை சுருங்கியதும் உண்மையே. எனினும் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் கொழுத்த இலாபத்தை அள்ளிய முதலாளிகள் அதை எந்திரங்களைப் புதுப்பிப்பதில் போடாமல் வேறு தொழில்களுக்குக் கடத்தினார்கள் என்பதும், பாட்டன் காலத்து எந்திரம் ஓயும்வரை ஓட்டிவிட்டுத் தொழிலாளியின் பாக்கியோடு ஆலையைக் கைகழுவினார்கள் என்பதும் கோவை முதல் மும்பை வரை ஒரே கதை. 1970 ஆகஸ்டில் மினர்வாவின் நிலையை ஆராய ஒன்றிய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கையின் பேரில், பொதுநலனுக்குப் பெரிதும் ஊறு விளைவிக்கும் முறையில் ஆலை நிர்வகிக்கப்படுகிறது என்று காரணம் கூறி, 1971 அக்டோபர் 19-இல் நிர்வாகத்தைத் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்படைத்தது. 1974-இல் நலிந்த பஞ்சாலைகள் தேசியமயச் சட்டம் வந்தது. அதன் கீழ் நாட்டுடைமையான 103 ஆலைகளில் மினர்வாவும் ஒன்று. இது இந்திரா காந்தி அரசின் கருணையால் மட்டும் நிகழ்ந்ததாகக் கருதுவது பிழை. மூடிய ஆலையைத் திற, முடியாவிட்டால் அரசே ஏற்று நடத்து என்ற முழக்கத்தோடு பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டங்கள் அதற்குப் பின்னே இருந்தன. நலிந்த ஆலையின் சுமையைப் பொதுப்பணத்தின் தலையில் இறக்கிவிட்டு இழப்பீடும் பெற்றுக்கொள்வது முதலாளிகளில் பலருக்கு உவப்பாகவே இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

மினர்வாவின் உடைமையாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் சார்பில் வாதாடியவர் நானி பல்கிவாலா. ஆலையை மீட்பதே வழக்கின் நோக்கம். ஆனால் இடையில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், 42-ஆவது திருத்தம் நிறைவேறியிருந்தது. அரசமைப்புத் திருத்தம் எதையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று அதன் 55-ஆவது பிரிவு கூறியது. அரசுக் கொள்கையின் வழிகாட்டு நெறிகளில் எதையேனும் நிறைவேற்றுவதாகச் சொல்லிக் கொண்டுவரப்படும் எந்தச் சட்டத்தையும், சமத்துவம், பேச்சுரிமை உள்ளிட்ட அடிப்படை உரிமைகளைப் பறிக்கிறது என்ற காரணத்தால் செல்லாததாக்க முடியாது என்று 4-ஆவது பிரிவு கூறியது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு 1980-இல் இவ்விரண்டையும் நீக்கியது. முதலாவதில் ஐவரும் ஒருமித்தனர். இரண்டாவதில் நீதிபதி பகவதி மாறுபட்டார்.

இத்தீர்ப்பை இடதுசாரிகள் ஒரு கண்ணால் மட்டும் பார்க்க முடியாது. கேசவானந்த பாரதி வழக்கு கேரளத்தின் நிலச்சீர்திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் தொடுக்கப்பட்டது. மினர்வா வழக்கு ஆலை நாட்டுடைமைக்கு எதிராகத் தொடுக்கப்பட்டது. குடியரசின் புகழ்பெற்ற இரு தீர்ப்புகளும் சொத்துடையோர் தம் சொத்தைக் காக்கத் தொடுத்த வழக்குகளில் பிறந்தவை. வழிகாட்டு நெறிகளைக் காட்டிலும் அடிப்படை உரிமைகளின் பக்கம் தராசு சாய்ந்ததில் நிலப்பிரபுக்களும் ஆலையதிபர்களும் அன்று மகிழ்ந்தார்கள். ஆயினும் எல்லையற்ற திருத்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ள ஓர் ஆட்சி முயன்றதை அதே தீர்ப்பு தடுத்தது. நெருக்கடி நிலையில் சிறை சென்ற தொழிற்சங்கத் தலைவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். மதச்சார்பின்மையையும் கூட்டாட்சியையும் அரித்துவரும் இன்றைய ஒன்றிய ஆட்சியின் முன் உழைக்கும் மக்களுக்கு எஞ்சியுள்ள அரண்களில் அதுவும் ஒன்று. 2024 நவம்பர் 5-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்து முழுவதையும் சமுதாயத்தின் பொருள்வளமாகக் கொள்ள இயலாது என்று தீர்ப்பளித்தபோது, மினர்வா தீர்ப்பின் விளைவு என்ன என்பதையே முதலில் ஆராய வேண்டியிருந்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் என்பது வரலாற்றின் ஒரு சிறு வேடிக்கை.

இத்தனை புகழுக்கிடையே பலர் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. வழக்கின் எஞ்சிய பகுதி, அதாவது ஆலையை நாட்டுடைமையாக்கிய 1974-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி, 1986-இல் தீர்க்கப்பட்டது. செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். முதலாளிகள் ஆலையைத் திரும்பப் பெறவில்லை. மினர்வா மக்களிடமே நிலைத்தது.

நீதிமன்றத்தில் முதலாளிகளால் செய்ய முடியாததை அடுத்து வந்த அரசுகளின் கொள்கை செய்தது.

1980-இல் தீர்ப்பு வந்த சில மாதங்களில், பெங்களூருவின் எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். தொழிலாளர்கள் வரலாறு காணாத வேலைநிறுத்தத்தில் இறங்கி 77 நாட்கள் நின்றார்கள். பொதுத்துறைத் தொழிலாளியின் வலிமை உச்சத்தில் இருந்த காலம் அது. பத்தே ஆண்டுகளில் காற்று திசை மாறிற்று. 1991-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதே ஆண்டின் இறுதியில், தனியார் நலிந்த ஆலைகளுக்கென இருந்த சட்டத்தைத் திருத்திப் பொதுத்துறை நிறுவனங்களையும் அதே வாரியத்தின் முன் நிறுத்தினார்கள். புதிய எந்திரத்துக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் பணம் தர மறுத்த அரசு, நலிவுக்குத் தொழிலாளியைக் காரணமாக்கியது. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பஞ்சு வராத ஆலையில், தறி ஓடாத கூடத்தில், அடுத்த மாதச் சம்பளத்துக்கு உறுதியில்லாத நிலையில் ஒருவர் இடும் கையெழுத்துக்கு விருப்பம் என்று பெயரிட்டது ஆட்சிமொழியின் வல்லமை.

அடுத்து நிலத்தின் முறை வந்தது. ஊருக்கு வெளியே ஒரு காலத்தில் கட்டப்பட்ட ஆலைகள் நகரம் வளர்ந்ததால் அதன் இதயத்துக்குள் வந்துவிட்டன. 2005-இல் மும்பையில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மும்பை டெக்ஸ்டைல் மில் நிலத்தை டி.எல்.எப். நிறுவனம் 702 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஓடும் ஆலையைவிட நின்ற ஆலைக்கு விலை அதிகம் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. ஆலைகளைச் சீரமைக்கத் தேவையான பணத்தை ஆலை நிலத்தை விற்றே திரட்டுவது கொள்கையாகவே வகுக்கப்பட்டது. பெங்களூரு மினர்வாவின் எந்திரங்கள் ஓய்ந்தன. அதன் பெயரில் ஹாசனில் 'நியூ மினர்வா மில்ஸ்' தொடங்கப்பட்டது. புதிய எந்திரங்களோடு வந்த அந்த ஆலையும் 2020 மார்ச்சு ஊரடங்கில் நின்றது. பழைய ஆலையின் கூடங்களில் படப்பிடிப்பு நடக்கிறது. கைவிடப்பட்ட ஆலை ஒன்று வேண்டும் என்று தேடி வருபவர்களுக்கு அதையே வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் நிலைக்கு ஒரு பொதுச் சொத்து வந்து சேர்ந்திருக்கிறது.

மினர்வா தனித்த நிகழ்வன்று. பெங்களூருவின் கிழக்கே பையப்பனஹள்ளியில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் என்.ஜி.இ.எப். ஆலை உறைந்து கிடக்கிறது. 'புதிய அரசு மின்சாரத் தொழிற்சாலை' என்பது பெயரின் விரிவு. மைசூர் சாலையில் 1933 முதல் ஓர் அரசு மின்சாரத் தொழிற்சாலை இருந்ததால் இது 'புதிய' ஆயிற்று. மேற்கு ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு மின்மாற்றியும் மோட்டாரும் செய்த அந்த ஆலை 2002-இல் மூடப்பட்டது. மைசூர் சாலையின் பழைய ஆலையோ, கர்நாடக வித்யுத் கார்கானே என்ற பெயரில், மின்மாற்றி செய்துகொண்டிருக்கிறது. பழையது இயங்கப் புதியது பாழானதை வைத்துப் பார்க்கும்போது, பொதுத்துறை இயல்பிலேயே நடக்காது என்ற வாதம் எங்கே நிற்கிறது? என்.ஜி.இ.எப். வளாகத்தில் 65 ஏக்கரில் மரப்பூங்கா அமைப்பதாகக் கர்நாடக அரசு அறிவித்துள்ளது. இருபதாண்டுகளில் தானாக வளர்ந்த மரங்களைக் காப்பது நல்லதே. வணிக வளாகத்தைவிடப் பூங்கா மேல் என்பதில் ஐயமில்லை. பழைய கூடங்களை இடிக்காமல் பயன்படுத்துவதும் வரவேற்கத்தக்கது. அந்தக் கூடங்களில் என்ன செய்யப்பட்டது, யார் செய்தார்கள், ஏன் நின்றது என்ற மூன்றும் அப்பூங்காவில் கன்னடத்திலும் தமிழிலும் பிற மொழிகளிலும் எழுதி வைக்கப்பட வேண்டும். மீதி நிலம் எவர் கைக்கும் போகாது என்ற உறுதியும் சட்டமன்றத்தில் தரப்பட வேண்டும்.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது அண்டை மாநிலத்துச் செய்தியன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு இன்றுவரை திறக்கப்படாத தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் 23 ஆலைகளில் ஏழு தமிழ்நாட்டில் உள்ளன. கோவையில் பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ், கோவை முருகன், சி.எஸ். அண்டு டபிள்யூ. ஆகிய ஐந்து, பரமக்குடி அருகே கமுதக்குடியில் ஒன்று, காளையார்கோவிலில் ஒன்று. இவற்றில் சி.எஸ். அண்டு டபிள்யூ. 1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய, கோவையின் முதல் பஞ்சாலை. கொரோனா முடிந்து தனியார் ஆலைகள் அனைத்தும் ஓடத் தொடங்கிய பின்னும் அரசின் ஆலைகள் மட்டும் பூட்டிக் கிடக்கின்றன. தொழிலாளர்களுக்குப் பாதிச் சம்பளம் தரப்பட்டது. அதுவும் காலம் தவறியே வந்தது. மூடிவிட்டோம் என்று அரசு அறிவிக்கவில்லை. அறிவித்தால் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும், காரணம் கூற வேண்டும். எந்திரம் துருவேறும்வரை, தொழிலாளி ஓய்வு பெறும்வரை அல்லது இறக்கும்வரை காத்திருப்பதே கொள்கையாகிவிட்டது.

காத்திருப்பதன் முடிவு என்ன என்பதற்கு ஊகம் தேவையில்லை. 2021-இல் ஆறு லட்சம் கோடி ரூபாய்க்குப் பொதுச் சொத்துகளைப் பணமாக்கும் திட்டத்தை ஒன்றிய அரசு வெளியிட்டது. 2022-இல் பொதுத்துறை நிறுவனங்களின் 'உபரி' நிலத்தைப் பணமாக்கவென்றே ஒரு தேசியக் கழகத்தை அமைக்க ஒப்புதல் அளித்தது. ஆலை ஓடும்வரை அதன் நிலம் உபரியாகாது. நின்றுவிட்டால் முழுவதுமே உபரி. தனியார் முதலாளிக்கும் கதவு அகலத் திறக்கப்பட்டிருக்கிறது. 100 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்த வரம்பைத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 300 ஆக உயர்த்தியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

ஆகவே கோவை ஆலைகளின் கதவுகளுக்கு முன் நடக்கும் போராட்டத்தைச் சம்பள பாக்கிக்கான போராட்டமாக மட்டும் சுருக்கிப் பார்க்கலாகாது. பாக்கி முழுவதையும் தருவது, ஆலைகளைத் திறந்து ஓட்டுவது, ஆலை நிலத்தில் ஓர் அடியையும் தனியாருக்கு மாற்ற மாட்டோம் என்று எழுத்தில் உறுதியளிப்பது ஆகியவை ஒரே கோரிக்கையின் பகுதிகளாகவே வைக்கப்பட வேண்டும். நிலத்தைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டுப் பாக்கியை மட்டும் பேசி முடித்த இடங்களில் எல்லாம் பாக்கி வந்தது, ஆலை போயிற்று. மாநில அரசும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நிலப் பயன்பாட்டை மாற்றும் அதிகாரம் அதன் கையில் உள்ளது. தொழிற்பயன்பாட்டுக்கென வகைப்படுத்தப்பட்ட ஆலை நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு இன்றே அறிவித்தால், அதை வாங்க வருவோரின் எண்ணிக்கை நாளையே குறைந்துவிடும்.

பூட்டிக் கிடக்கும் ஏழில் ஒன்றான ரங்கவிலாஸ் மில்லைப் பற்றிக் கட்சித் தோழர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 1946 ஜனவரி 8-ஆம் நாள் விடியலில் கோவைச் சிறையில் தூக்கிலேற்றப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் அந்த ஆலையின் தொழிலாளர்கள். ஆண்டுதோறும் ஜனவரி 8-இல் சின்னியம்பாளையத்தில் செங்கொடி ஏற்றி அஞ்சலி செலுத்தத் திரளும் தோழர்கள், வரும் ஆண்டில் அங்கிருந்து ரங்கவிலாஸ் மில்லின் வாயில் வரை நடக்கலாம். தொலைவு அதிகமில்லை.